முக்கால் படம்

செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்குச் சின்னவள் மாடி ஜன்னலைத் திறந்தபோது எதிர்வீட்டு மஞ்சள் வாளியைக் காணவில்லை.

வாளிதானே, போனால் போகிறது என்று விடும் நிலையில் அவள் இல்லை. ஒரு வாரமாக எதிர்வீட்டு மாடி வராந்தாவைத்தான் வரைந்துகொண்டிருந்தாள். பாதி திறந்த பச்சைக் கதவு, அதற்குள்ளே இருட்டு. கதவோரம் இருக்கை கிழிந்த ஒரு பிரம்பு நாற்காலி. கொடியில் நீலத் துண்டு. கம்பிப் பக்கம் ஒரு செடித்தொட்டி. எல்லாம் கேன்வாஸுக்கு வந்து சேர்ந்துவிட்டன. வாளி மட்டும்தான் பாக்கி. அந்த மஞ்சள்தான் படத்துக்கே உயிர் என்று நினைத்து, பிடித்ததைக் கடைசியில் சாப்பிடத் தட்டோரம் ஒதுக்குகிற மாதிரி அதை ஒதுக்கி வைத்திருந்தாள்.

சின்னவளுக்கு வயது இருபத்து நான்கு. ஓவியக் கல்லூரி முடித்து இரண்டு வருடமாக அக்கா வீட்டு மாடி அறையில் இருந்தாள். அக்காவின் கணவரை அவள் மாமா என்று கூப்பிடுவாள். மாமா நல்ல மனிதர். முதன்முதலாக அவள் ஒரு ஈசல் வாங்க வேண்டும் என்று சொன்னபோது, "அதை எதுக்கு வாங்கணும்? மழை பெஞ்சா தானா வருமே" என்றவர், அது படத்தைத் தாங்கும் மூன்று கால் சட்டம் என்று தெரிந்ததும் அன்று மாலையே வாங்கி வந்து, காலுக்கு ரப்பர் மூடியும் போட்டுக் கொடுத்தார்.

ஈசல் வந்ததே தவிர, அதிலிருந்து ஒரு படம்கூட முழுசாக இறங்கவில்லை. அறையின் சுவரைப் பார்த்துப் பதினேழு கேன்வாஸ்கள் திரும்பி நின்றன. ஒன்றில் பாலம் இருந்தது, மறுகரை இல்லை. ஒன்றில் சைக்கிளுக்கு ஒரு சக்கரம்தான். சோம்பேறித்தனம் இல்லை, கோளாறு வேறு. படம் முடியப்போகிற நேரத்தில், எதற்கும் ஒருமுறை சரிபார்த்துவிடலாம் என்று அவள் நிமிர்ந்து பார்ப்பாள். பார்த்தால் ஏதாவது ஒன்று தப்பாகத் தெரியும். அதைத் திருத்தினால் பக்கத்தில் இருப்பது தப்பாகத் தெரியும். அப்படியே திருத்தித் திருத்திப் படம் வந்த வழியே திரும்பிப் போய்விடும். அக்கா அவற்றுக்கு முக்கால் படம் என்று பெயர் வைத்திருந்தாள்.

கடைசியில் ஓர் ஒப்பந்தம் ஆயிற்று. கலைமன்றத்தின் வருடாந்தரக் கண்காட்சியில் 'முதல் படம்' என்று ஒரு பிரிவு உண்டு. இதுவரை எங்கும் படம் வைக்காதவர்களுக்கு. அடுத்த வாரம் சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் ஒரே ஒரு முழுப் படத்தைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட வேண்டும். இல்லையென்றால் ஒன்றாம் தேதியிலிருந்து மாமா வேலை பார்க்கும் அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் அவளும் சேர வேண்டும். பெட்டிகளின் மேல் குடை, கண்ணாடி டம்ளர், மேல் நோக்கிய அம்பு ஆகிய மூன்றையும் வரைவதற்கு அங்கே ஆள் தேவைப்பட்டது.

ஆகவே அந்த வாளி முக்கியம்.

முதலில் ஞாபகத்திலிருந்தே வரைந்து பார்த்தாள். டீ கொண்டுவந்த மாமா படத்தை வெகுநேரம் பார்த்துவிட்டு, எல்லாம் நன்றாக இருக்கிறது, ஆனால் அந்தப் பூசணிக்காயை யார் அங்கே வைத்தது என்று கேட்டார். அவர் கீழே இறங்கியதும் டர்பன்டைனில் துணியை நனைத்துப் பூசணிக்காயைத் துடைத்தாள். அதோடு நாற்காலியின் ஒரு காலும் போயிற்று.

மறுநாள் வெட்கத்தை விட்டு எதிர்வீட்டுப் படி ஏறினாள்.

கதவைத் திறந்த அம்மா முப்பது வருடம் தொலைபேசி நிலையத்தில் இணைப்புக் கொடுக்கும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். யார் எது சொன்னாலும் குறுக்கிடாமல் முழுக்கக் கேட்பார். வாளிக் கதையையும் அப்படியே கேட்டார்.

"நீங்க போய் உங்க ஜன்னல்ல உட்காருங்க. நான் வாளியை எடுத்து வெக்கறேன்" என்றார்.

சின்னவள் ஓடிப்போய் உட்கார்ந்தாள். வாளியும் வந்தது. ஆனால் கதவின் தப்பான பக்கம் வந்தது. இவள் ஜன்னலிலிருந்து கையை அசைத்து இடது பக்கம் காட்டினாள். அவர் அதை ஒரு விரற்கடை நகர்த்தினார். இன்னும், என்று காட்டினாள். இன்னொரு விரற்கடை. பிறகு, "அப்படியே இருங்க, வர்றேன்" என்று உள்ளே போனவர் கால் மணி நேரம் கழித்துத்தான் வெளியே வந்தார். அதுவரை சின்னவள் ஒரு கையைத் தூக்கியபடியே ஜன்னலில் இருந்தாள். தெருவில் போன இரண்டு பேர் தங்களைக் கூப்பிடுகிறாள் என்று நினைத்து நின்றே விட்டார்கள். ஒருவழியாக வாளி தன் இடத்துக்கு வந்தபோது வெயில் ஏறி அதன் நிழல் காணாமல் போயிருந்தது. நிழல் இல்லாத வாளி அந்தரத்தில் தொங்கும். நாளைக்குத்தான்.

வியாழக்கிழமை எல்லாம் கூடி வந்தது. எட்டு மணி வெயில், வாளி, நிழல். பதினோரு மணிக்குள் வாளி கேன்வாஸில் உட்கார்ந்துவிட்டது. தட்டினால் ஓசை வரும்போல இருந்தது. பிரஷ்ஷைக் கழுவ எழுந்தவள், எதற்கும் ஒருமுறை பார்த்துவிடலாம் என்று நிமிர்ந்தாள்.

கிழிந்த பிரம்பு நாற்காலி இருந்த இடத்தில் ஆரஞ்சு நிறப் பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று இருந்தது.

படத்தில்தான் நாற்காலி ஏற்கெனவே இருக்கிறதே என்று அக்கா எவ்வளவோ சொன்னாள். சின்னவள் கேட்கவில்லை. அந்த ஆரஞ்சின் சாயல் வாளியின் மஞ்சளில் விழுகிறதாம். மஞ்சள் மாறினால் கதவின் பச்சை மாறுகிறதாம். கண்ணால் பார்ப்பது ஒன்றாகவும் கையால் வரைவது இன்னொன்றாகவும் இருந்தால் அது படமே இல்லையாம். சொல்லிக்கொண்டே மறுபடி உட்கார்ந்தாள். வெள்ளிக்கிழமை மாலைக்குள் வாளியைக் கெடுத்து, கதவைக் கெடுத்து, நன்றாக இருந்த இருட்டிலும் கை வைத்தாள்.

இதற்கு மேல் பொறுக்க முடியாது என்று மாமா களத்தில் இறங்கினார். தொழிற்சாலையில் சரக்கு அனுப்பும் பிரிவில் இருப்பவர். எதையும் வரிசை எண் போட்டு எழுதினால்தான் அவருக்குத் திருப்தி. ஒரு தாளில், 'இடம் மாற்றக் கூடாத பொருட்கள்' என்று தலைப்பிட்டு, ஒன்று துண்டு, இரண்டு செடித்தொட்டி, மூன்று பிரம்பு நாற்காலி, நான்கு வாளி என்று எழுதி எடுத்துக்கொண்டு சனிக்கிழமை எதிர்வீட்டுக்குப் போனார். திரும்பி வந்தபோது முகமெல்லாம் வெற்றி.

"ரொம்ப அக்கறையா கேட்டுக்கிட்டாங்க. லிஸ்ட்டை வாங்கி அலமாரியில பத்திரமா வெச்சாங்க. நீ தினமும் ஜன்னல்லதானே உட்காருவேன்னு கேட்டாங்க. எட்டு மணியிலேர்ந்து மத்தியானம் வரைக்கும் நகரவே மாட்டான்னு சொன்னேன். அப்படின்னா சரின்னுட்டாங்க" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை எல்லாம் சரியாக இருந்தது. பிரம்பு நாற்காலிகூடத் திரும்பி வந்திருந்தது. திங்கட்கிழமை துண்டு இல்லை. கொடியில் சிவப்புப் போர்வை ஒன்று தொங்கியது. மாமா போய்ச் சொன்னதும் துண்டு வந்தது. செவ்வாய்க்கிழமை செடித்தொட்டி இல்லை. மாமா போய்ச் சொன்னார். தொட்டி வந்தது, ஆனால் அதிலிருந்த செடி வேறு. இப்படி எது தவறினாலும் சின்னவள் தலையைப் பிடித்துக்கொள்வாள், பிரஷ்ஷை வாயில் கவ்விக்கொண்டு வெறிப்பாள், பிறகு பெருமூச்சு விட்டு மறுபடி உட்கார்ந்து மாற்றி வரைவாள். புதன்கிழமை மாலை படத்தில் சொல்லிக்கொள்ளும்படி மிஞ்சியிருந்தது கம்பி மட்டும்தான்.

அன்று சாப்பிடும்போது மாமா மெல்ல, குடை வரைவதில் அப்படி ஒன்றும் கஷ்டம் இல்லை, ஒருமுறை அச்சு வெட்டிவிட்டால் பிறகு எல்லாம் அதே குடைதான் என்று ஆறுதல் சொன்னார். சின்னவள் சோற்றைப் பார்த்துக்கொண்டே, "நான் படம் வரையறவளே இல்லை மாமா. படத்தைத் திருத்தறவ. அவ்வளவுதான்" என்றாள். மாமாவுக்குக் குழம்பு இறங்கவில்லை.

வியாழக்கிழமை காலை அவள் ஒரு முடிவெடுத்தாள். ஜன்னல்தான் சனியன். ஜன்னலைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுவிட்டு, விளக்கைப் போட்டுக்கொண்டு, இருப்பதை வைத்து முடித்துவிடுவது.

தாழ்ப்பாள் விழுந்து பத்து நிமிடம் ஆகியிருக்காது, கீழே அக்காவின் போன் அடித்தது. எதிர்வீட்டு அம்மா. தங்கச்சிக்கு உடம்பு ஏதாவது சரியில்லையா, ஜன்னல் சாத்தியிருக்கிறதே என்று விசாரித்தார். அக்கா உருகிப்போய் மேலே ஏறி வந்து, தங்கையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, தானே ஜன்னலைத் திறந்தாள். திறந்தவள் அப்படியே நின்றாள்.

"இங்க வந்து பாரேன்" என்றாள்.

எல்லாப் பொருளும் அதனதன் இடத்தில் இருந்தது. நடுவில், பிரம்பு நாற்காலியில், அந்த அம்மாவின் கணவர், எதிர்வீட்டுக்காரர், உட்கார்ந்திருந்தார். இஸ்திரி போட்ட சட்டை, படிய வாரிய தலை, புதிதாகச் சாயம் பூசிய மீசை. இருபத்தேழு வருடம் நகரப் பேருந்து ஓட்டியவர். இரண்டு கையையும் முன்னால் சற்றே உயர்த்தி வைத்து, நேராகப் பார்த்தபடி, வளைவு வருவதற்குக் காத்திருப்பவர்போல இருந்தார்.

"அவரை எழுந்திரிக்கச் சொல்லு அக்கா. படத்துல ஆளே கிடையாது."

"உனக்காகக் குளிச்சு, டை அடிச்சு, சட்டை போட்டுக்கிட்டு வந்து உட்கார்ந்திருக்கார். நான் எப்படிச் சொல்றது? நீயே சொல்லு."

சின்னவள் ஜன்னலுக்கு வந்தாள். சொல்வதற்காக வாயைத் திறந்தாள். அதற்குள் எதிர்வீட்டுக்காரர் தலையைக்கூடத் திருப்பாமல், உதட்டை மட்டும் அசைத்து, "மூஞ்சிக்கு வெளிச்சம் போதுமாம்மா?" என்று கேட்டார். அவள் போதும் அங்கிள் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.

அவள் மனிதர்களை வரைந்ததே இல்லை. கல்லூரியில் கட்டாயத்துக்கு வரைந்ததோடு சரி. மனிதர்கள் அசைவார்கள், பார்ப்பார்கள், எப்போது முடியும் என்று கேட்பார்கள். ஆகவே அன்று முழுவதும் வரைவதுபோலப் பாவனை செய்தாள். அவரோ மணிக்கு ஒருமுறை, மூக்கு வந்துவிட்டதா என்று விசாரித்தார். வந்துவிட்டது என்று பொய் சொன்னாள். மத்தியானம் எழுந்திருக்கும்போது, நாளைக்கும் வருவதாகவும் முடிந்ததும் மூக்கைப் பார்க்க வேண்டும் என்றும் சொல்லிவிட்டுப் போனார். இனி அந்த மூக்கை வரைந்தே ஆக வேண்டும்.

வெள்ளிக்கிழமை வேறு வழியில்லாமல் வரைய ஆரம்பித்தாள். பேருந்து ஓட்டுகிற மூக்கு வந்தது. பிடிக்காமல் துடைத்தாள். மறுபடி வந்தது. மறுபடி துடைத்தாள். பத்தரை மணிக்கு, நிமிர்ந்து பார்த்தபோது, அவர் தூங்கியிருந்தார்.

தலை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது. ஒரு செருப்பு காலிலிருந்து நழுவி வாளிப் பக்கம் கிடந்தது. இத்தனை வருடம் சாலையையே பார்த்துக்கொண்டிருந்த மனிதர் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு, யாரும் மணியடிக்க மாட்டார்கள் என்ற நிம்மதியில் கிடந்தார். காற்றில் துண்டு அசைந்து அவர் தோளைத் தொட்டது. அதற்கும் அவர் எழுந்திருக்கவில்லை.

சின்னவள் அவர் விழிப்பதற்குள் பிடித்துவிட வேண்டும் என்ற ஒரே பயத்தில் வரைய ஆரம்பித்தாள். வாளியின் மஞ்சள் சரியா, கதவின் பச்சை சரியா என்று எதுவும் நினைவில்லை. அந்தச் சாய்ந்த கழுத்துக்கு எது வேண்டுமோ அது தானாக வந்து பக்கத்தில் நின்றது. வாளிக்கு மூன்றே வீச்சு. செருப்புக்கு இரண்டு. பதினோரு நாளில் நடக்காதது இரண்டு மணி நேரத்தில் நடந்தது. அவர் கொட்டாவி விட்டு எழுந்தபோது அவள் கை முழங்கை வரை பச்சையாக இருந்தது.

சனிக்கிழமை சின்னச் சின்ன வேலைகள்தான் இருந்தன. கம்பி, நிழல், மீசையில் ஒரு பளபளப்பு. நண்பகலுக்குச் சற்று முன்பு பிரஷ்ஷைக் கீழே வைத்தாள். எதற்கும் ஒருமுறை என்று கழுத்து தானாக நிமிரப் பார்த்தது. அந்த நொடியில் அவள் செய்ததுதான் அவள் வாழ்க்கையிலேயே பெரிய காரியம். கண்ணை இறுக மூடிக்கொண்டாள். மூடிய கண்ணோடு ஈசலைத் தடவிப் பிடித்து, தன் முதுகு ஜன்னல் பக்கம் இருக்கும்படி திருப்பி வைத்து, பிறகு கண்ணைத் திறந்து, கீழே ஓரத்தில் கையெழுத்துப் போட்டாள்.

"அக்கா, முடிஞ்சுது" என்றாள்.

அக்கா நம்பவில்லை. மாமா ஓடி வந்து, செருப்பு, வாளி, மூக்கு என்று விரல் விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு, எதுவும் குறையவில்லை என்று சான்றளித்தார்.

நாலு மணி வரை காத்திருந்தும் வண்ணம் காயவில்லை. ஸ்கூட்டரில் வைத்தால் ஒட்டிக்கொள்ளும். எதிர்வீட்டுக்காரருக்கு அவசரமாக ஒருமுறை மூக்கைக் காட்டிவிட்டு, மாமா இரண்டு கையாலும் படத்தை ஓரத்தில் மட்டும் பிடித்துக்கொண்டு, நிரம்பிய தட்டைத் தூக்கிப் போகிறவர்போல ஒன்றரை மைல் நடந்தார். சின்னவள் முன்னால் ஓடி, வருகிறவர்களை விலக்கிக்கொண்டே போனாள். நாலே முக்காலுக்குக் கலைமன்றத்தில் சேர்த்தார்கள். மாமாவின் சட்டை வயிற்றில் ஒரு பச்சைக் கதவு பாதி திறந்திருந்தது. அந்தச் சட்டையை அவர் துவைக்கக் கொடுக்கவில்லை.

மூன்று வாரம் கழித்துக் கடிதம் வந்தது. படம் தேர்வாகியிருந்தது. அட்டைப்பெட்டிக் குடைகளை வேறு யாராவது வரைந்துகொள்ளட்டும் என்று மாமாவே மேலாளரிடம் சொல்லிவிட்டார்.

கண்காட்சியின் முதல் நாள் எல்லோரும் போனார்கள். சின்னவளின் படம் வாசலுக்கு நேர் சுவரில் இருந்தது. எதிர்வீட்டுக்காரர் அதே சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து, படத்துக்குப் பக்கத்திலேயே நின்று, பார்க்க வருகிறவர்களிடம் தான் நிஜத்தில் அவ்வளவு தூங்குவதில்லை என்று விளக்கிக்கொண்டிருந்தார். நிறையப் பேர் படத்தைப் பார்த்தார்கள். அதைவிட ஆச்சரியம், அவளையே பார்த்தார்கள். ஒரு தம்பதி அவளைப் பார்த்ததும் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு சிரித்தார்கள். பள்ளிச் சீருடையில் இருந்த ஒரு பெண், "இவங்கதான்" என்று தோழியிடம் சொன்னாள். ஒரே படத்தில் இவ்வளவு புகழா என்று சின்னவளுக்குக் காது சூடானது.

எதிர்வீட்டு அம்மாவை மட்டும் காணவில்லை. கணவரோடு வந்தவர், படத்தை ஒருமுறை பார்த்துத் தலையாட்டிவிட்டுப் பக்கத்து அறைக்குப் போய்விட்டார். சின்னவளுக்கு மனசு உறுத்தியது. வாளியைத் தூக்கித் தூக்கி வைத்தது அவர். கணவரை உட்கார வைத்தது அவர். அவரை மட்டும் வரையாமல் விட்டுவிட்டோமே, வருத்தமாக இருக்காதா? ஒரு வார்த்தை நன்றி சொல்லிவிடலாம், அடுத்த படத்தில் உங்களைத்தான் வரையப் போகிறேன் என்றும் சொல்லிவிடலாம் என்று பக்கத்து அறைக்குள் போனாள்.

அங்கே கூட்டமாக இருந்தது. கூட்டத்தின் நடுவில் எதிர்வீட்டு அம்மா யாரோ கொடுத்த மலர்க்கொத்தோடு, கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றுகொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் சுவரில் ஒரு பெரிய படம். 'முதல் படம்' பிரிவின் முதல் பரிசுச் சீட்டு அதன் மூலையில் ஒட்டியிருந்தது. படத்தில் ஒரு மாடி ஜன்னல். ஜன்னலுக்குள், கொண்டையில் பென்சிலைச் செருகி, வாயில் பிரஷ்ஷைக் கவ்வி, தலையைப் பிடித்துக்கொண்டு, எதையோ பறிகொடுத்தவள்போல வெறித்துப் பார்க்கும் ஒரு பெண்.

சின்னவளின் கை தானாகக் கொண்டையைத் தொட்டது. வாசல் முக்காலியில் இருந்த காவலாளி அவளையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு எழுந்து வந்தார்.

"நீங்கதானா அது? அந்த அம்மா எல்லாத்தையும் சொன்னாங்க. கதவுக்குப் பின்னாடி நின்னு வரைவாங்களாம். நீங்க எழுந்திரிக்கப் பார்க்கும்போதெல்லாம் எதையாவது இடம் மாத்தி வெச்சா மறுபடி உட்கார்ந்துடுவீங்களாம். மாத்தறதுக்கு வேற ஒண்ணும் மிச்சமில்லாத அன்னிக்குத்தான் வீட்டுக்காரரைக் கொண்டுவந்து வெச்சாங்களாம்."